புதுத்தோட்டத்தில் அரை மணி நேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையில் அப்பா, அம்மா, கணவர், பிள்ளைகள் எல்லோருமாக வால்பாறை போய் வந்தோம். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு, பையனுக்குப் பாதி வழி வாந்தி, ஒன்பதாவது வளைவில் வரையாடு, இதெல்லாம் போனவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் எழுத வந்தது அங்கே இருக்கிற புதுத்தோட்டம் எஸ்டேட் பற்றி.

வால்பாறை டவுனுக்குச் சற்று முன்னால் சாலையோரம் நின்ற வாட்சர் கையைக் காட்டி, "வண்டிய ஆஃப் பண்ணிருங்கண்ணா, அதுங்க தாண்டப் போகுது" என்றார். அண்ணாந்து பார்த்தால் சோலைமந்திகள், சிங்கவால் குரங்கு என்பார்களே, அவைதான். கருத்த உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போலவே ஒரு குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. சாலைக்கு மேலே இரண்டு பக்க மரங்களையும் இணைத்துத் தீயணைப்புக் குழாயால் ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள், அதில் ஒவ்வொன்றாகத் தாண்டின. ஒரு தாய் மட்டும், வயிற்றோடு ஒட்டிக்கொண்ட குட்டியுடன், ஆடுகிற பாலத்தின் நடுவில் நின்று எங்களைக் குனிந்து பார்த்தது. வண்டிக்குள் யாரும் மூச்சு விடவில்லை.

"முன்னாடி பாலம் இல்லாம எப்படிம்மா போச்சு?" என்று பெண் கேட்டாள். முன்னாடி ரோடே இல்லை, மரத்துக்கு மரம் கிளை தொட்டுக்கொண்டிருந்தது, இந்த மேடு முழுக்க மழைக்காடு, அதை வெட்டித்தான் தேயிலை வைத்தோம் என்று சொல்லும்போதே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் பின்னால் வந்த வேனிலிருந்து யாரோ சிப்ஸ் பாக்கெட்டை வீசினார்கள். உடனே இரண்டு மந்திகள் சாலைக்கு இறங்கின, எதிரே ஒரு பஸ். வாட்சர் ஓடிப்போய் விரட்டியதால் தப்பின. மரத்திலேயே வாழ்கிற பிராணியை நம் நொறுக்குத்தீனி தரைக்கு இழுக்கிறது. தயவுசெய்து யாரும் எதையும் போடாதீர்கள். ஆழியாறு சோதனைச்சாவடியில் வண்டிகளைப் பார்க்கும்போதே வனத்துறையினர் இதை ஒவ்வொரு வண்டியிலும் வாய்விட்டுச் சொல்லி அனுப்பினால் நல்லது, போர்டை யாரும் படிப்பதில்லை.

அப்பா எங்கே போனாலும் "இருட்டறதுக்குள்ள போயிடணும்" என்று அவசரப்படுபவர். திரும்பும்போது பெண் கேட்டாள் என்று அதே இடத்தில் நிறுத்தினோம். மந்தி ஒன்றும் வரவில்லை, மழை விட்டு இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கிளம்பலாம் என்று அப்பா சொல்லவே இல்லை.

– ஒரு வாசகி, திருப்பூர்