ஆண்டறிக்கை 2024–25: மார்ச் 17-ஐ எழுதி வைத்த வருடம்

நம் ராக் இசை ரசிகர் சங்கத்தின் அவைத் தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், அவர்களோடு வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். இந்த வருடம் செயற்குழு ஆறு முறை கூடியது. மாதாந்திரக் கேட்பு நிகழ்ச்சி ஆகஸ்ட் தவிர எல்லா மாதமும் நடந்தது. ஒன்பது பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேர் கல்லூரி முதலாண்டு மாணவர்கள். இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டன் 2007 மார்ச் 17 அன்று பெங்களூரில் வாசித்தபோது அவர்கள் கைக்குழந்தைகள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் எனக்குப் பின்னால் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களிடம் அவரே நேரில் பேசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது அஞ்சலி. அயர்ன் மெய்டனின் முதல் இரண்டு ஆல்பங்களில் பாடிய பால் டியானோ 2024 அக்டோபர் 21 அன்று காலமானார். அவருக்கு வயது 66. நம்மில் மூத்தவர்கள் பலரும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் இந்தப் பக்கமே வந்தோம். டிடிகே 90 கேசட்டில் ஒரு பக்கம் 1980 ஆல்பம், மறு பக்கம் 1981 ஆல்பம். யாரோ பதிவு செய்ததிலிருந்து யாரோ பதிவு செய்து, நம் கைக்கு வரும்போது பாட்டோடு இரைச்சலும் சேர்ந்தே வரும். நவம்பர் கூட்டத்தில் இரண்டு ஆல்பங்களையும் முழுவதுமாகப் போட்டோம். யாரும் நடுவில் எழுந்து போகவில்லை.

அந்தத் துக்கம் ஆறுவதற்குள் டிசம்பர் 7 அன்று மெய்டனின் டிரம்ஸ் கலைஞர் நிக்கோ மெக்பிரெயின் சுற்றுப்பயணங்களிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். 1982 முடியும் நேரத்தில் குழுவில் சேர்ந்தவர். 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்தும், சில மாதங்களில் மறுபடி டிரம்ஸ் முன் உட்கார்ந்தவர். அவருடைய கடைசி நிகழ்ச்சி சாவோ பாவ்லோவில் நடந்தது. மறுநாள் காலை நம் வாட்ஸாப் குழுவில் ஒருவர், "நாம அவரைப் பார்த்ததே 2007, 2009 ரெண்டு தடவைதான், மச்சா. அதையாவது யாராவது எழுதி வெச்சிருக்கோமா?" என்று கேட்டார். யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. இந்த வருடத்தின் பெரிய வேலை அங்கிருந்துதான் தொடங்கியது.

2007 மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூர் அரண்மனை மைதானம். இந்தியாவில் அயர்ன் மெய்டன் வாசித்த முதல் இரவு. அதே மைதானத்தில் 2002 ஏப்ரலில் ரோஜர் வாட்டர்ஸும், 2003 ஏப்ரலில் கொட்டும் மழையில் ரோலிங் ஸ்டோன்ஸும் வந்து போயிருந்தார்கள். அவர்கள் பெரியவர்கள், மறுக்கவில்லை. ஆனால் அல்சூரிலும் காக்ஸ் டவுனிலும் மர்ஃபி டவுனிலும் நாம் சுவரில் ஒட்டி வைத்திருந்தது மெய்டனின் பாடகர் புரூஸ் டிக்கின்சனின் படம். அந்த மனிதர் நம் வீட்டிலிருந்து ஆட்டோ தூரத்தில் வந்து நிற்பார் என்று அந்தப் படத்தை ஒட்டிய யாரும் நினைத்ததில்லை.

உறுப்பினர்களிடம் இந்த நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்வது என்று டிசம்பர் செயற்குழு முடிவு செய்தது. "எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்கக் கூடாது என்பதையும் அன்றே முடிவு செய்தோம். அப்படிக் கேட்டால் எல்லோரும் "செமையா இருந்துச்சு" என்பார்கள், அதோடு முடிந்துவிடும். டிக்கெட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, வீட்டில் என்ன சொன்னீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், பக்கத்தில் நின்றது யார், எப்படி வீடு திரும்பினீர்கள் என்று கேட்டோம். பாட்டு வரிசை, மேடை அமைப்பு இதெல்லாம் உலகத்தில் யாராவது எழுதியிருப்பார்கள். பக்கத்தில் நின்றது யார் என்பதை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

மொத்தம் 41 பேர் பேசினார்கள். எல்லாவற்றையும் இங்கே வாசிக்க முடியாது. என் மனதில் தங்கிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

இப்போது ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவர் அன்று பெரம்பூர்க்காரர். மூன்று நண்பர்களோடு காலையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஏறினார். வீட்டில் இண்டர்வியூ என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். கன்டோன்மென்டில் இறங்கி, காக்ஸ் டவுனில் நம் முன்னாள் துணைத் தலைவர் வீட்டு மாடியில் பையைப் போட்டார்கள். நால்வரும் கறுப்புச் சட்டை. துணைத் தலைவரின் அம்மா பார்த்துவிட்டு, "என்னப்பா, மாலை போட்டிருக்கீங்களா? இது சீசன் இல்லையே?" என்று கேட்டிருக்கிறார். ஒருவன் திரும்பி நின்றதும் முதுகில் மெய்டனின் சின்னமான எட்டியின் மண்டை ஓட்டு முகம் தெரிந்தது. அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. நாலு பொட்டலம் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தார். அதில் ஒன்றை வாசலில் காவலர் பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்து, ரப்பர் பேண்டைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். பதினெட்டு வருடம் கழித்தும் அந்த ரப்பர் பேண்ட் பச்சை நிறம் என்று அவருக்கு நினைவிருக்கிறது.

வாசல் சோதனையைப் பற்றிப் பேசாதவர்களே இல்லை. ஆணி பதித்த பெல்ட், கைப்பட்டை, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி ஓரமாகக் குவித்தார்கள். தண்ணீர் பாட்டிலின் மூடியையும் பிடுங்கிக்கொண்டார்கள். அண்ணனின் பேண்டைப் போட்டுக்கொண்டு வந்த ஒருவர், பெல்ட் போனதால் இரண்டு மணி நேரமும் இடது கையால் இடுப்பைப் பிடித்தபடி, வலது கையை மட்டும் உயர்த்தி ஆடினார். அந்தக் கூட்டத்தில் எடுத்த ஒரு மங்கலான படம் நம்மிடம் இருக்கிறது. உயர்ந்த கைகளுக்கு நடுவே ஒற்றைக் கையோடு ஒருவர் நிற்கிறார். அது தான்தான் என்கிறார். நாங்களும் நம்புகிறோம்.

மெய்டனுக்கு முன்னால், அதன் பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன் ஹாரிஸ் பாடினார். டில்லியின் ராக் குழுவான பரிக்ரமாவும் வாசித்தது. வயலினோடு அவர்கள் வாசித்த விதம் மெய்டன்காரர்களுக்கும் பிடித்துப்போய், அதே ஜூன் மாதம் இங்கிலாந்தின் டவுன்லோடு என்ற ராக் விழா மேடை அவர்களுக்குக் கிடைத்தது. பரிக்ரமா வாசித்தபோது கூட்டம் மேடை பக்கம் திரும்பியிருந்தாலும் பலருடைய கண் செல்போனில் இருந்ததற்கு வேறு காரணம் உண்டு. அன்று இரவு ஏழு மணிக்குத்தான் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் உலகக்கோப்பையில் இந்தியா–பங்களாதேஷ் ஆட்டம் தொடங்கியிருந்தது. "சேவாக் அவுட். 2" என்று வந்த எஸ்எம்எஸ்ஸை நம் உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரிடம் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, "விடுங்க சார், இன்னைக்கு அதெல்லாம் வேண்டாம்" என்று போனை மூடி இவர் சட்டைப் பையிலேயே போட்டாராம். நிகழ்ச்சி முடிந்து, காலை லால்பாக் எக்ஸ்பிரஸுக்காகச் சென்னைப் பையன்கள் ஸ்டேஷன் வாசலில் படுத்திருந்தபோது, சைக்கிளில் டீ விற்க வந்தவர்தான் இந்தியா தோற்றுவிட்ட செய்தியைச் சொன்னார். பங்களாதேஷிடமா என்று யாரும் நம்பவில்லை. ஆனால் டீ குடித்தார்கள், இரண்டு ரவுண்டு.

சரி, அந்த மனிதர் மேடைக்கு வந்த நொடி. இதைத்தான் எல்லோரும் கடைசியில் சொன்னார்கள், அதுவும் தயங்கித் தயங்கி. புரூஸ் டிக்கின்சன் நடந்து வருகிறவர் இல்லை. ஓடி வருவார், ஸ்பீக்கர் பெட்டி மேல் ஏறுவார், குதிப்பார். வாள்வீச்சு பழகிய உடம்பு அது. ஊர் பெயரைச் சொல்லிக் கத்தச் சொல்வது உலகம் முழுக்க அவர் செய்வதுதான். லைவ் ரெக்கார்டுகளில் லாங் பீச் என்று அவர் கேட்டதை நாம் நூறு முறை கேட்டிருக்கிறோம். அதே குரல் பெங்களூர் என்று சொன்னபோது தான் கத்தவில்லை என்கிறார் ஒருவர். தொண்டை அடைத்துவிட்டதாம். மைதானமே கத்திக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் சும்மா நின்றது இன்றுவரை அவருக்குக் குறையாக இருக்கிறது. அதைக் குறை என்று நான் நினைக்கவில்லை.

நம் உறுப்பினரான ஓர் அம்மையார் அன்று கல்லூரி இரண்டாமாண்டு மாணவி. அந்தக் கூட்டத்தில் பெண்கள் மிகக் குறைவு. மூன்றாவது பாட்டின்போது பின்னாலிருந்து கூட்டம் தள்ள, அவர் கால் தரையில் இல்லாமல் நகர ஆரம்பித்தார். அப்போது நான்கைந்து பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து அவரைச் சுற்றி வட்டம் போட்டார்கள். வட்டத்துக்குள் அவருக்கு நிற்க ஒரு சதுர அடி இடம் கிடைத்தது. நிகழ்ச்சி முடியும் வரை வட்டம் கலையவில்லை. யாரும் அவர் பெயரைக் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. புரூஸின் முகத்தை இரண்டே முறைதான் பார்த்தேன், ஆனால் அந்த ஐந்து முதுகுகளையும் அடையாளம் சொல்வேன் என்றார். அவர்களில் யாராவது இங்கே உறுப்பினராக இருந்தால் செயலாளரிடம் சொல்லவும்.

"ஃபியர் ஆஃப் த டார்க்" தொடங்கும்போது கிட்டாரின் மெட்டைக் கூட்டமே பாடும், வார்த்தை எதுவும் இல்லாமல். அந்த இடத்தில் புரூஸ் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார் என்று நம் உறுப்பினர்களான சகோதரர்களில் அண்ணன் சொல்கிறார். இல்லை, கையைக் கட்டிக்கொண்டு கேட்டபடி நின்றார் என்று தம்பி சொல்கிறார். இருவரும் தோளோடு தோள் நின்றவர்கள். சமாதானம் செய்து வைக்கச் சிலர் முயன்றார்கள். நான் வேண்டாம் என்றேன். இரண்டையும் அவரவர் பெயரில் அப்படியே எழுதியிருக்கிறோம்.

2008 பிப்ரவரி 1 மும்பை நிகழ்ச்சிக்கு உத்யான் எக்ஸ்பிரஸில் போனவர்கள் இரண்டு பேர். பாந்திரா குர்லா வளாகத்தில் நடந்த அந்த இரவுதான் அந்த உலகச் சுற்றுப்பயணத்தின் முதல் நிகழ்ச்சி. குழுவும் கருவிகளும் ஒரே போயிங் 757-ல் வந்தன, ஓட்டியவர்களில் ஒருவர் புரூஸ். போனவர்களில் ஒருவருடைய அப்பா ரயில் இன்ஜின் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் இசை கேட்பது அவருக்குப் பிடிக்காது. ஆனால் இந்தச் செய்தியைக் கேட்டதும் பேப்பரைக் கீழே வைத்து, "பாடறவரே ஓட்டிட்டு வந்தாரா? ராத்திரி பாடிட்டு எத்தனை மணி நேரம் ரெஸ்ட் குடுப்பாங்க?" என்று கேட்டாராம். அதன் பிறகு வீட்டில் வால்யூமைக் குறைக்கச் சொல்வது நின்றது. 2015-ல் புரூஸுக்கு நாக்கில் புற்றுநோய் என்ற செய்தி வந்தபோது, குணமாகிவிட்டாரா என்று மாதாமாதம் விசாரித்தவரும் அந்த அப்பாதான். மே மாதம் முழுக் குணம் என்று வந்ததும் மகனுக்கு முதலில் போன் செய்து சொன்னார்.

இப்போது வருத்தத்தோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜனவரியில் நம் ஹார்ட் டிஸ்க் பழுதாகி ஆறு பேரின் பதிவுகள் அழிந்தன. பிரதி எடுத்து வைக்கவில்லை. அந்தப் பொறுப்பு செயலாளர் என்ற முறையில் என்னுடையது. ஐந்து பேர் மறுபடி பொறுமையாக வந்து பேசினார்கள். ஆறாமவர் நம் மூத்த உறுப்பினர். 1980 மார்ச்சில் பம்பாய் ஹோமி பாபா அரங்கில் த போலீஸ் என்ற இங்கிலாந்து ராக் குழு வாசித்ததை நேரில் பார்த்தவர். பிப்ரவரி இரண்டாம் வாரம் வருவதாகச் சொல்லியிருந்தார். முதல் வாரத்திலேயே போய்விட்டார். அன்று அவர் சொன்னதில் என் நினைவில் இருப்பதை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். நாற்காலி போட்ட அரங்கம், எழுந்து ஆடலாமா என்று அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டேதான் எழுந்தார்களாம். வேலைக்குச் சேர்ந்து வாங்கிய இரண்டாவது சம்பளத்தில் டிக்கெட். அவர் குரலில் இது அரை மணி நேரம் இருந்தது. என்னிடம் நாலு வரிதான் இருக்கிறது. அவருக்காக எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி. உட்காருங்கள்.

மார்ச் 16, ஞாயிறு மாலை இந்தப் பதிவுகளைப் பொதுவில் வாசிக்க மண்டபம் ஒன்று பேசியிருந்தோம். ராக் என்றதும் கடைசி நாளில் இல்லை என்றுவிட்டார்கள். மர்ஃபி டவுன் உறுப்பினர் ஒருவர் தன் வீட்டு மொட்டை மாடியைக் கொடுத்தார். நடுவில் கரண்ட் போனது. மூன்று முதலாண்டு மாணவர்களும் செல்போன் வெளிச்சத்தில் மீதிப் பக்கங்களை வாசித்து முடித்தார்கள். அந்த வீட்டாருக்கும், வந்தவர்களுக்கெல்லாம் சுக்குக் காபி போட்ட பாட்டிக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் அயர்ன் மெய்டன் தொடங்கி ஐம்பது வருடம் நிறைகிறது. 2009 பிப்ரவரி 15 பெங்களூர் நிகழ்ச்சியையும், 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிக்கா குழு இங்கே வாசித்த இரவையும் அடுத்து எழுதப் போகிறோம். அதற்கு முன்னால் டிக்கெட்டுகளைப் படம் எடுத்து முடிக்க வேண்டும். ஒருவர் தன் 2007 டிக்கெட்டை எல்ஐசி ரசீதுகளோடு அதே ஃபைலில் பத்திரமாக வைத்திருந்தார். போன மாதம் திறந்தபோது எழுத்தெல்லாம் மறைந்து, ஒரு ஓரம் கிழிந்த வெள்ளைத் தாள் மட்டும் இருந்தது. அதையும் படம் எடுத்தோம். பின்பக்கம் தேதியையும் இடத்தையும் அவரையே பென்சிலால் எழுதச் சொன்னோம். உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கலாம். வெறும் தாள்தானே என்று போட்டுவிடாமல், ஜூன் மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்