பலசரக்குக் கடை அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

அண்ணாச்சி, வணக்கம்.

சோளம் முளைத்து வரிசை பிடித்து நிற்கிறது. இந்த வருசம் மழை என்ன கூத்துக் காட்டியது என்று விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதிர் களம் சேரும்வரை விளைச்சலைப் பற்றி வாய் திறக்கக் கூடாதுதான். நன்றியை அதுவரை தள்ளிப்போட மனசு வரவில்லை.

சீக்கிரம் முளைக்கவும் வெயிலைத் தாங்கவும் விதையை ஊறவைத்து, திரும்ப உலர்த்தி, மழைக்கு முன்பே காய்ந்த கரிசலில் விதைத்துவிடுவது புதுசு இல்லை. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெகுகாலமாகச் சொல்லிவருவதுதான். மானாவாரிச் சோளத்துக்கு ஏக்கருக்கு 6 கிலோ விதை. உரக்கடையில் 0:52:34 என்று கேட்டால் கொடுக்கும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம். ஒரு கிலோ விதைக்கு அந்தக் கரைசல் 350 மில்லி. 6 மணி நேரம் ஊற வேண்டும், அவ்வப்போது கிளறிவிட வேண்டும். ராத்திரி முழுக்கக் கிடக்கட்டும் என்று விட்டால் முளை எட்டிப் பார்த்துவிடும். முளை வந்த விதையை உலர்த்தினால் அது செத்த விதை.

ஊறவைப்பது இவ்வளவுதான். வினை முழுக்க உலர்த்துவதில் இருக்கிறது. 6 கிலோ விதை ஊறியதும் 8 கிலோ ஆகிறது. அது மறுபடி 6 கிலோவுக்கு இறங்கினால்தான் விதை பழைய ஈரப்பதத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கையால் அளைந்து பார்த்தாலும் கடித்துப் பார்த்தாலும் சரியாகத் தெரியாது. மேல்தோல் சீக்கிரம் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். அதைச் சாக்கில் கட்டினால் ஒரே ராத்திரியில் சூடேறிப் பூசணம் பிடிக்கும். கட்டாமல் நேராக விதைத்தாலோ, காய்ந்த மண்ணுக்குள் பாதி முளைத்து, மழை வரும் முன்பே கருகிப்போகும். அவசரப்பட்டு வெயிலில் கொட்டினால் விதை விரிசல் விடும்.

இந்த இடத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். வியாபார நேரத்தில் கடைத் தராசைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பரண்மேல் கிடந்த தட்டுத் தராசை இறக்கிக் கடையை ஓட்டினீர்கள். வாடகை என்று பேச்செடுத்தவரை முறைத்தீர்கள். தராசைக் கொடுத்ததோடு நிற்கவும் இல்லை. "ஈரச் சாக்கோட நிறுக்காதீங்க தம்பி, சாக்கும் தண்ணி குடிச்சிருக்கும்" என்று பிளாஸ்டிக் வாளியை வைத்து, அதன் எடையைக் கழித்து நிறுக்கச் சொன்னீர்கள். ஒவ்வொரு குவியலுக்கும் பில் தாளைக் கிழித்து, ஊறுமுன் எடை, ஊறியபின் எடை, யாருடைய விதை என்று நீல மையில் எழுதி ஒரு கல்லை வைத்தீர்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் யார் விதை எது என்றே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

இன்னொன்றும் சொன்னீர்கள். 6 கிலோ விதைக்கு அந்த 0:52:34 உப்பு 42 கிராம்தான். "பெரிய தராசுல இம்புட்டுக் கொஞ்சத்தை நிறுத்தா பொய் சொல்லும். 200 கிராம் நிறுத்து பத்து லிட்டர்ல கரைங்க, பெறவு அளந்து எடுத்துக்கோங்க." பத்து லிட்டர் நாலு ஏக்கர் விதைக்குப் போதும். உளுந்துக்கு இது இன்னும் முக்கியம். துத்தநாக சல்பேட் பத்து லிட்டருக்கு வெறும் 1 கிராம், 3 மணி நேரம் ஊறினால் போதும். 100 கிராமைப் பத்து லிட்டரில் கரைத்து, அதில் 100 மில்லி எடுத்து மறுபடி பத்து லிட்டராக்கினால் கணக்குச் சரி. எந்தக் கையேட்டிலும் நாங்கள் பார்க்காத யோசனை இது, பலசரக்கு நிறுத்த கைக்குத்தான் தோன்றும்.

கல்யாண மண்டபத் தாழ்வாரத்தைத் திறந்துவிட்ட காவலாளிக்கும், விதையை விரல் கனத்துக்குப் பரப்பி மணிக்கொரு தரம் புரட்டிய அக்காமாருக்கும், மழைத் தண்ணீர் ஓடாமல் நிற்க 8 மீட்டருக்கு 5 மீட்டராக வரப்புக் கட்டிக் கட்டப் பாத்தி போட்டு, தாழ்ந்த மூலையை மண்வெட்டியால் தனியாக அணைத்துக் கொடுத்த டிராக்டர் தம்பிக்கும், சூப்பர் பாஸ்பேட் கலந்து ஒரு மாதம் மூடிவைத்த தொழுவுரத்தை ஏக்கருக்கு 300 கிலோ வீதம் அடித்துத் தந்தவர்களுக்கும் நன்றி. விதைப்புக் கருவியின் கொழுவை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி, "மேலாக விதைச்சா போதும்" என்ற யார் பேச்சையும் கேட்காத பெரியப்பாவுக்குத் தனி நன்றி. மேலாக விதைத்திருந்தால் அந்த முதல் தூறலுக்கே முளைத்து வாடியிருக்கும். 5 சென்டிமீட்டரில் கிடக்கிற விதை, 20 மில்லிமீட்டருக்குமேல் ஒரு நல்ல மழை விழும்வரை அசையாது. எறும்புக்கும் குருவிக்கும் எட்டாது.

ஏற்கெனவே ஊறி உலர்ந்த விதை என்பதால், ஈரம் பட்டதும் சீக்கிரம் முளைத்தது. அதற்கப்புறம் அடித்த வெயிலிலும் பயிர் வாடவில்லை. பாத்தியில் நின்ற தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு, எல்லாவற்றையும் விதைக்கே எழுதிவைக்க முடியாது.

வருகிற புரட்டாசிக்குள் ஊர்ப் பொதுவில் ஒரு தராசு வாங்கிவிடுவது என்று பேசி முடித்திருக்கிறோம். எடை பார்க்காத விதை இனி எங்கள் ஊர்க் காட்டில் இறங்காது. உங்கள் தராசு விதைத் தூசி படிந்து திரும்பி வந்திருக்கும், மன்னிக்கணும். அடுத்த தடவை அதற்கு அரசு முத்திரை போடும் செலவு எங்களுடையது. வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், அண்ணாச்சி.

இப்படிக்கு,
மானாவாரிச் சோளம் விதைத்த நாங்கள்