சிவந்த குப்பியும் சிவப்பு டிராகன் பழமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபங்களில் நடக்கும் இலவச உடல்நலப் பரிசோதனைகளில் அண்மைக் காலமாக ‘ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’ என்ற ஒன்றும் சேர்ந்திருக்கிறது. பரிசோதனைக்கூடத்தில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அது குறித்து எழுதுகிறேன்.

சென்ற மாதம் என் அக்காவை அப்படியொரு மண்டபத்துக்கு நான்தான் அழைத்துச் சென்றேன். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்ன காலைச் சிறுநீரைச் சிறு குப்பியிலிருந்த மருந்தில் சில சொட்டு விட்டார்கள். ஐந்தே நிமிடத்தில் அது சிவந்துவிட்டது. நிற அட்டையோடு ஒப்பிட்ட இளைஞர், “ஆன்ட்டி, உங்க உடம்பு உள்ளுக்குள்ள துருப்பிடிக்குது” என்று சொல்லி, 260 வெள்ளிக்கு (ரிங்கிட்) இரண்டு பாட்டில் மாத்திரையை எடுத்து வைத்தார். முதல் நாள் இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று எவரும் கேட்கவில்லை. பாசார் மாலாமில் வாங்கிய சிவப்பு டிராகன் பழத்தை அக்கா முழுதாகச் சாப்பிட்டிருந்தார். அதன் சாயம் சிறுநீரிலேயே இறங்கும்.

‘ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’ எனப்படும் ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடலின் தற்காப்பை மீறிப் பெருகுவது, பொய்யன்று. 1985இல் ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் வரையறுத்த கருத்து அது. கொழுப்பு சிதையும்போது உண்டாகும் மலோன்டைஆல்டிஹைடு என்ற வேதிப்பொருளைத்தான் இத்தகைய குப்பிகள் தேடுகின்றன. ஆனால் அந்த மருந்து அதே வகையைச் சேர்ந்த பிற ஆல்டிஹைடுகளோடும் சேர்ந்து நிறம் மாறும். மேலும், தண்ணீர் குறைவாகக் குடித்தவரின் சிறுநீர் அடர்த்தியாக இருக்கும் என்பதால், நாங்கள் சிறுநீரில் ஏறத்தாழ சீராக வெளியேறும் கிரியாட்டினின் என்ற கழிவையும் அளந்து, அதனால் வகுத்த பிறகே எண்ணை நம்புவோம். நிற அட்டைக்கு அந்தக் கணக்குத் தெரியாது. கொழுப்புச் சிதைவில் உண்டாகும் ஐசோபுரோஸ்டேன் போன்ற நம்பகமான குறியீடுகளை அளக்க, மூலக்கூறுகளை எடையால் பிரித்தறியும் நிறைநிரல்மானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) என்ற கருவி வேண்டும். அவற்றுக்கும்கூட, இந்த எண்ணுக்கு மேல் போனால் இன்ன சிகிச்சை என்று மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு இல்லை. நம் வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்லப் பயன்படுத்துவதும் இதே வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைத்தான். வேகமாக நடந்துவிட்டு வந்தாலும் அவை சற்றுக் கூடும்.

சரி, கூடியிருந்தால் மாத்திரை விழுங்குவதில் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் பின்லாந்தில் நடந்த ஆய்வைப் படிக்க வேண்டும். புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர் அதில் பங்கெடுத்தார்கள். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சத்தான பீட்டா கரோட்டினை மாத்திரையாக உட்கொண்ட பிரிவில் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்திருக்க, 18 விழுக்காடு கூடியிருந்ததாக 1994இல் முடிவு வெளியானது.

என்னை வருத்தியது 260 வெள்ளி அன்று. பத்து ஆண்டுகளாக இனிப்பு நீர் உள்ள அக்கா, புதிய மாத்திரை போதும் என்று தன் நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினை மூன்று வாரம் நிறுத்திவிட்டார். பிறகு அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி எடுத்த இரத்தத்தில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 9.4 விழுக்காடு காட்டியது. அவருடைய கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன ஆகப்போகிறது என்பதைச் சொல்லும் எண் அதுதான். குப்பியின் நிறம் அன்று.

மண்டபத்தை இலவசமாகக் கொடுக்கும் குடியிருப்போர் சங்கங்கள், பரிசோதிப்பவரே மாத்திரையும் விற்கிறாரா என்பதை முன்கூட்டியே கேட்டு அறிந்த பிறகு சாவியைக் கொடுக்கும்படித் தங்கள் இதழ் வழியாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பரிசோதனைக்கூட ஊழியர்,
செந்தூல், கோலாலம்பூர்