ஐரோப்பிய பேஸ்பால் லீக்: சீசன் முடிந்தது, தோள்கொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்பு நண்பர்களே,

நெதர்லாந்தின் உயர்மட்ட பேஸ்பால் லீக் 1922இல் தொடங்கியது. இத்தாலியின் முதல் சாம்பியன்ஷிப் 1948இல். ஜெர்மனி, செக், ஸ்பெயின் எல்லாவற்றுக்கும் சொந்தப் போட்டிகள் உண்டு. ஆனால் நெதர்லாந்தின் ஹார்லெமும் இத்தாலியின் நெட்டூனோவும் ஸ்பெயினின் மாட்ரிட்டும் செக்கின் ப்ர்னோவும் ஒரே புள்ளிப்பட்டியலில் ஆறு மாதம் மோதுகிற தொழில்முறை லீக் ஐரோப்பாவில் இல்லை. அதைக் கற்பனையாகவாவது நடத்திப் பார்த்துவிடுவோம் என்று, ஜெர்மானியரான மார்க்குஸ் ஹைன்ஸோன் உருவாக்கிய அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் என்ற கணினி விளையாட்டில் இந்தப் பன்னிரண்டு அணி லீக்கைக் கட்டினோம். முதல் சீசன் ஒரு வாரம்கூட நிற்காமல் முடிந்திருக்கிறது. அது நிர்வாகக் குழுவால் மட்டும் நடந்ததல்ல. யார் எதைச் செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியவேண்டும். அடுத்து இப்படி ஒரு லீக் நடத்த நினைப்பவர்களுக்கும் இது பயன்படும்.

முதல் நன்றி அட்டவணை போட்டுக் கொடுத்தவருக்கு. பன்னிரண்டு அணிகள் என்றால் ஒரு சுற்றுக்குப் பதினோரு வாரம். இரண்டு சுற்று, வாரத்துக்கு வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று ஆட்டம்: அணிக்கு 66 ஆட்டம், மொத்தம் 396. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சுமார் 26 வார இறுதிகள் கிடைப்பதால் நான்கு மிஞ்சும். கேட்க எளிது. சிக்கல் உள்ளூர், வெளியூர் மாற்றத்தில் இருக்கிறது. ஒவ்வொரு அணியும் ஒரு வாரம் உள்ளூர், மறுவாரம் வெளியூர் என்று தவறாமல் மாறி மாறி ஆடவேண்டும் என்று பலர் கேட்டார்கள். அது நடக்காது. தவறாமல் மாறும் வரிசை இரண்டே இரண்டுதான்: உள்ளூரில் தொடங்குவது, வெளியூரில் தொடங்குவது. ஒரே வரிசையில் உள்ள இரண்டு அணிகள் எப்போதும் ஒரே நேரத்தில் உள்ளூரிலோ வெளியூரிலோ இருக்கும்; அவை ஒன்றையொன்று சந்திக்கவே முடியாது. ஆகவே இரண்டு அணிக்குத்தான் அந்த வசதி. மற்ற பத்து அணிகளுக்கும் சுற்றுக்கு ஒரு முறையாவது அடுத்தடுத்து இரண்டு வாரம் ஒரே பக்கம் வந்தே தீரும். இந்த உண்மையை ஏற்றுக்கொண்டு, அந்தப் பத்து முறையையும் எங்கே வைத்தால் லாபம் என்று பார்த்ததுதான் அவருடைய திறமை. ஸ்டாக்ஹோமுக்கு ஏப்ரலில் இரண்டு வாரமும் வெளியூர். அங்கே அப்போது பனி விழலாம். நெட்டூனோவுக்கு அதே வாரங்கள் உள்ளூர். ஜூன் கடைசியில் ஹார்லெமிலும் ஸ்டாக்ஹோமிலும் பத்து மணி தாண்டித்தான் சூரியன் மறைகிறது, அதனால் அந்த ஆட்டங்களை மாலை ஏழுக்கு வைத்தார். ப்ராக், ரேகன்ஸ்புர்க் பயணம் பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரம்தான் என்பதால் நீண்ட விமானப் பயணத்துக்கு அடுத்த வாரம் அதைப் போட்டார். இவ்வளவு நுணுக்கம் கணினிக்குத் தேவையில்லை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். லீக்கை நம்பத்தகுந்ததாக ஆக்கியது இதுதான்.

அவருடைய அட்டவணைக் கணினிக் கோப்பைப் பயன்படுத்த விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை: அட்டவணைக் கோப்பில் அணியின் பெயர் இருக்காது, வரிசை எண்தான் இருக்கும். அணிகளை இடம் மாற்றினால் ஸ்டாக்ஹோமுக்கு என்று யோசித்து வைத்த வாரங்கள் மாட்ரிட்டுக்குப் போய்விடும். அணி வரிசையை முடிவு செய்த பிறகே கோப்பை ஏற்றுங்கள்.

பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், முறை வைத்து வீசும் அமைப்பைச் சரிசெய்த இருவருக்கு அடுத்த நன்றி. விளையாட்டின் இயல்பான அமைப்பு தினம் தினம் ஆடும் அமெரிக்க லீக்குக்கானது, ஐந்து தொடக்கப் பிட்சர்கள் முறை வைத்து வீசுவார்கள். வார இறுதியில் மட்டும் ஆடும் லீக்கில் அதை அப்படியே விட்டால், முழு ஓய்வில் இருக்கும் முதல் பிட்சரை உட்காரவைத்துவிட்டு ஐந்தாம் பிட்சர் வீசுவார். மூன்று பேராகக் குறைத்தால் ஒவ்வொருவருக்கும் 22 ஆட்டம், நடுவில் ஆறு நாள் ஓய்வு. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வோர் அணியிலும் மிகச் சிறந்த மூவர் மட்டும் வீசுவதாலும், புல்பென்னில் இருப்பவர்கள் (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் மாற்றுப் பிட்சர்கள்) திங்கள் முதல் வியாழன் வரை ஓய்வெடுத்துவிட்டுப் புத்துணர்ச்சியோடு வருவதாலும் ரன் சரிந்துவிடும். தொடக்கப் பிட்சர்களின் தாக்குப்பிடிக்கும் திறனை ஒரு படி குறைத்து, அணியில் பிட்சர் இடங்களையும் குறைத்து, பிறகு லீக் மொத்த ரன்னை மறுபடி அளந்து பார்த்து அதைச் சமன் செய்தது இவர்கள்தான். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றிச் சோதித்தார்கள். அதனால்தான் எது எதைப் பாதித்தது என்று தெரிந்தது.

மைதான விவரம் சேகரித்தவர்களை மறக்க முடியாது. ஹார்லெமின் பிம் மூலியர், நெட்டூனோவின் ஸ்டெனோ போர்கேஸே, போலோன்யாவின் ஜான்னி ஃபால்க்கி, ரேகன்ஸ்புர்க்கின் ஆர்மின் வொல்ஃப் என்று நிஜ மைதானங்களை வைத்தே தொடங்கினார்கள். ஐரோப்பாவில் வேலியின் தூரம் மீட்டரில் இருக்கும், விளையாட்டு கேட்பது அடியில். 98 மீட்டரை 3.28ஆல் பெருக்கினால் 321 அடி. அவசரத்தில் மூன்றால் பெருக்கினால் 294 அடியாகி, சாதாரண கேட்ச் எல்லாம் வேலியைத் தாண்டி ஹோம் ரன் ஆகிவிடும். மாட்ரிட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவதால் தூக்கி அடித்த பந்து நான்கு மீட்டர் போலக் கூடுதலாகப் போகும். வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் ஏறினால் இன்னும் இரண்டு மீட்டர். ஜூலை மாட்ரிட்டையும் ஏப்ரல் ராட்டர்டாமையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று விடாமல் வாதாடியவர்களுக்குத் தனி நன்றி. அவர்கள் சொன்ன இன்னொன்றும் முக்கியம்: உள்ளூரில் ஆட்டத்துக்குப் பத்து ரன், வெளியூரில் ஒன்பது ரன் என்றால் விகிதம் 1.11. அதை அப்படியே ஆட்டக்காரர் கணக்கில் போடக் கூடாது. பாதி ஆட்டம்தான் உள்ளூர் என்பதால் உபரியைப் பாதியாக்கி 1.055 என்று எடுக்கவேண்டும். அதுவும் 33 ஆட்டத்தில் வந்த எண்ணை முழுதாக நம்பக் கூடாது. மூன்று சீசன் சேரும்வரை உயரமும் வேலித் தூரமும் சொல்வதற்கே அதிக எடை.

பெயர்ப்பட்டியல் தந்த செக் நண்பர்களுக்கு நன்றி. 2023இல் டோக்கியோவில் ஜப்பான் நட்சத்திரம் ஒடானியை ஸ்ட்ரைக் அவுட் செய்த (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றிய) எலெக்ட்ரீஷியன் ஓண்ட்ரெய் சடோரியாவின் முதல் பெயரிலேயே தலைக்குறி போட்ட ஆர் எழுத்து இருக்கிறது. பட்டியலை எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடம் தரும் யூடிஎஃப்-8 குறியீட்டில் சேமிக்காமல் பழைய மேற்கத்திய விண்டோஸ் குறியீட்டில் சேமித்தால் அந்த எழுத்து கேள்விக்குறியாகிவிடலாம். அது திரும்பி வராது. ஓர் எழுத்து இரண்டு விசித்திரக் குறிகளாகப் பிரிந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம், கோப்பு நலமாகத்தான் இருக்கிறது, திறந்த முறைதான் தவறு. டச்சு அணிகளுக்குக் குராசோ, அருபா பெயர்களைத் தனி விகிதத்தில் சேர்க்கச் சொன்னவரும் சரியாகச் சொன்னார். அந்தத் தீவுகள் இல்லாமல் டச்சு பேஸ்பால் இல்லை.

பன்னிரண்டு மேனேஜர்களும் புதன் இரவுக்குள் தங்கள் அணியின் கணினிக் கோப்பை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். லீக் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒழுங்காக இருந்ததற்கு நன்றி.

கடைசியாக, ஸ்கோர்ஷீட் சரிபார்த்தவர். 396 ஆட்டத்தின் தாளையும் இவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அவருடைய சோதனை பேஸ்பால் விதிப்புத்தகத்திலேயே இருப்பதுதான்: ஓர் அணியின் மொத்த பேட்டிங் வாய்ப்புகள், அந்த அணி எடுத்த ரன், பேஸில் விடப்பட்டவர்கள் (இன்னிங்ஸ் முடியும்போது பேஸில் நின்றவர்கள்), எதிரணி எடுத்த அவுட் மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்கவேண்டும். இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் ஹார்லெமுக்கு 33 அட்-பேட் (வழக்கமான பேட்டிங் வாய்ப்பு), 4 வாக் (நான்கு தவறான பந்தால் முதல் பேஸுக்குப் போவது), 1 சாக்ரிஃபைஸ் ஃப்ளை (உயர அடித்து அவுட் ஆகி இன்னொருவரை ரன் எடுக்கவைப்பது): 38. ரன் 5, பேஸில் விடப்பட்டவர்கள் 6, அவுட் 27: அதுவும் 38. தாள் சரி. உள்ளூர் அணி ஒன்பதாவது இன்னிங்ஸில் பேட் செய்யாமலே வென்றிருந்தால் அதன் கணக்கில் அவுட் 24 என்று நினைவில் வைக்கவேண்டும். கூடுதல் இன்னிங்ஸில் இரண்டாம் பேஸில் ஒருவரை நிறுத்தித் தொடங்கும் விதி வந்ததும் பலருடைய தாள்கள் ஒத்துப்போகவில்லை. அந்த ஓட்டக்காரர் பேட் செய்யாமலே பேஸுக்கு வந்தவர். ஆனால் ரன்னாகவோ, அவுட்டாகவோ, பேஸில் விடப்பட்டவராகவோ முடிவார். எனவே வலது பக்கம் அரை இன்னிங்ஸுக்கு ஒன்று கூடும், அதைக் கழிக்கவேண்டும். காரணத்தோடு இதை எழுதி எல்லா மேனேஜர்களுக்கும் அனுப்பியவர் இவரே. சாம்பியன் நெட்டூனோவின் வெற்றியை யாரும் கேள்வி கேட்க முடியாதபடி செய்ததும் இவருடைய பொறுமைதான்.

அட்டவணை, மைதான அளவுகள், பெயர்ப்பட்டியல் மூன்றும் யார் கேட்டாலும் தருவோம். புது சீசனுக்கு ஆண்ட்வெர்ப், ரூவான் அணிகளுக்கு மேனேஜர் தேவை. புதன் இரவுக் கெடுவைக் காப்பாற்றக்கூடியவர்கள் எழுதுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
லீக் நிர்வாகக் குழு