எடை 22 என்றாயே

அன்பு மகளுக்கு,

காலையில் மாப்பிள்ளை பேசினார். காய்ச்சல் இறங்கிவிட்டது, பிள்ளை தூங்குகிறான் என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. போனில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும், அதனால் எழுதுகிறேன்.

நேற்றிரவு பதறிப்போய்க் கேட்டாய்: "அம்மா, காய்ச்சல் 102, எடை 22, பாரசிட்டமால் எவ்வளவு கொடுக்கட்டும்?" 102 என்றதுமே ஃபாரன்ஹீட் என்று புரிந்தது. செல்சியஸில் அப்படி ஒரு காய்ச்சலே கிடையாது. ஆனால் 22? 30 வருடம் மருந்தகத்தில் நின்றவள் நான். கிலோ என்றே எடுத்துக்கொண்டு மனம் கணக்குப் போட்டுவிட்டது. கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆக 330. வாய் திறக்கும் நேரத்தில்தான் உறைத்தது. போன மாதம்தானே முதல் பிறந்தநாள், அதற்குள் 22 கிலோ எப்படி இருப்பான்? நீ சொன்னது அமெரிக்காவில் புழங்கும் பவுண்டு. கிலோவில் அது வெறும் 10. 150 மில்லிகிராம் சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் சொல்ல இருந்தேன். நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

1983இல் கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்துக்கு நடுவானில் எரிபொருள் தீர்ந்து இயந்திரங்கள் நின்றுபோயின. தேவைப்பட்டது 22,300 கிலோ. டாங்கில் இருந்ததோ 22,300 பவுண்டு. நாடு மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த சமயம் அது. இயந்திரம் ஓடாத விமானத்தைக் கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் விமானி இறக்கிவிட்டார். 69 பேரும் பிழைத்தார்கள். கணக்குப் போட்டவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல, கண்ணம்மா. அவர்களுக்கும் எனக்கு வந்த அதே தடுமாற்றம்தான்.

அடியையும் மைலையும் நான் குறை சொல்லவில்லை. எறும்பும் தன் கையால் எண் சாண் என்று உடம்பை வைத்தே அளந்தவர்கள்தான் நாமும். இன்றும் ஒருவருடைய உயரத்தை அடியில் சொன்னால்தான் எனக்கு ஆள் கண்முன் வருகிறார். அமெரிக்காவில் இருக்கிற வரை சாலைக்கு மைல், வெயிலுக்கு ஃபாரன்ஹீட் என்று நீ பழகத்தான் வேண்டும். அங்கே புழங்கும் அங்குலமே 1959 முதல் மெட்ரிக் அளவை வைத்து, மிகச் சரியாக 2.54 சென்டிமீட்டர் என்று வரையறுக்கப்பட்டதுதான்.

மருந்தில் மட்டும் அந்தத் தாராளம் வேண்டாம். டீஸ்பூன் என்றால் 5 மில்லிலிட்டர், டேபிள்ஸ்பூன் 15. தூக்கக் கலக்கத்தில் ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் மூன்று மடங்கு. அங்குள்ள குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பே 2015இல், திரவ மருந்துகளை மில்லிலிட்டரில்தான் அளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஊசியில்லாத சிரிஞ்சில் அள. கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடி. உள்ளே நகரும் அடைப்பின் முனைப்பக்க விளிம்பு கோட்டைத் தொட வேண்டும். குமிழி இருந்தால் விரலால் தட்டி வெளியேற்றிவிட்டு மறுபடி பார்.

ஒரு தாளில் '10 கிலோ' என்று எழுதி மருந்து அலமாரியின் உட்கதவில் ஒட்டு. 'கிலோ' என்ற சொல்லை விட்டுவிடாதே. எடை பார்க்கும்போதெல்லாம் திருத்து. மாப்பிள்ளையிடமும் காட்டிவிடு. இங்கே போனுக்குப் பக்கத்தில் நானும் ஒன்று ஒட்டியிருக்கிறேன்.

மாலையில் மறுபடி காய்ச்சல் பார்த்துவிட்டுச் சொல். எத்தனை டிகிரி, எந்த டிகிரி, இரண்டையும் சொல்.

அன்புடன்,
அம்மா