முகத்தில் தெரிகிற மருந்து

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்புள்ள கமலா,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மகளுக்குச் சம்பந்தம் சரிவந்ததில் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம். மாப்பிள்ளை வீட்டார் சீதனம் கேட்கவில்லை என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன். உன் முழங்காலை டொக்டரிடம் காட்டினாயா இல்லையா? அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாய்.

இனி என் சங்கதி. நுரையீரல் புற்றுநோய்க்குக் குளிசை தொடங்கி நாலு மாதம். எர்லோட்டினிப், 150 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. வெறும் வயிற்றில் போட வேண்டும் என்பதால் ஐந்தரைக்கே எழும்பி விழுங்குகிறேன். ஒரு மணித்தியாலம் போன பிறகுதான் இடியப்பமும் சொதியும். ஊசி இல்லை, தலைமயிர் கொட்டவில்லை. இவ்வளவு சுலபமா என்று முதல் கிழமை நினைத்தேன்.

பத்தாம் நாள் மூக்கிலும் கன்னத்திலும் பரு கிளம்பியது. 61 வயதில், எடி! பக்கத்து வீட்டு அக்கா உடம்புச் சூடு என்றார். நானும் மருந்துக்கடையில் பருவுக்குக் கிறீம் வாங்கி இரண்டு இரவு பூசினேன். மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது.

மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி கிளினிக்கில்தான் விளங்கப்படுத்தினார்கள். கலங்களை வளரச் சொல்லித் தூண்டும் ஒரு புரதம் என் கட்டியில் பழுதாகி, எந்நேரமும் 'வளர், வளர்' என்று கத்திக்கொண்டிருக்கிறதாம். ஈ.ஜி.எஃப்.ஆர். என்று பெயர். குளிசை அதன் வாயை அடைக்கிறது. ஆனால் அதே புரதம் தோலிலும் குடலிலும் இருக்கிறது; அங்கேயும் வாய் அடைபடுகிறது. ஆகவே இது பரு மாதிரி, ஆனால் பரு இல்லை. பருக் கிறீம் தோலை இன்னும் காயவைக்கும். டொக்சிசைக்ளினும் வேறு ஒரு கிறீமும் தந்து, வெயிலில் போகாதே என்றார்கள். பரு வந்தவர்களில் பலருக்கு மருந்து நன்றாகப் பிடிக்கிறதாம். அன்று பஸ்ஸில் திரும்பும்போது முகத்தை மூடவில்லை.

நீ புகை பிடித்தாயா, அவர் பிடித்தாரா என்று கேட்காத ஆள் இல்லை. சிகரெட்டைத் தொடாத ஆசியப் பெண்களிடம்தான் இந்தப் பழுது அதிகம் என்று எத்தனை பேருக்குச் சொல்வது? இப்போது சிரித்துவிட்டு விட்டுவிடுகிறேன்.

உன்னிடம் ஒன்றை ஒளிக்க மாட்டேன். இரண்டாம் மாதம் வயிற்றோட்டம், நாளுக்கு ஏழெட்டுத் தரம். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் கிளினிக்கில் வாய் திறக்கவில்லை. ஜீவனி உப்புத்தூளைக் கரைத்துக் குடித்துச் சமாளித்தேன். ஒருநாள் குளியலறையில் தலைசுற்றி விழுந்தேன், மகன்தான் தூக்கினான். டொக்டர் நன்றாக ஏசினார். ஒரு கிழமை நிறுத்தி, வயிறு அடங்கிய பிறகு 100 மில்லிகிராமில் தொடங்கினார். குறைத்தால் நோய் வென்றுவிடும் என்று அழுதேன். அதற்குப் பிறகு எடுத்த ஸ்கானில் கட்டி சுருங்கியிருக்கிறது.

நகக்கண் வீங்கிப் பாத்திரம் கழுவ முடியாது, அது மகனுக்கு வாய்த்தது. கண்மடல் மயிர் மட்டும் நீண்டு சுருண்டு வளர்கிறது. மை தீட்டிக்கொண்டு ரியூசனுக்குப் போன காலத்தில் வராத வடிவு! ஆனால் கண்ணுக்குள் குத்துகிறது. கண் டொக்டர்தான் வெட்டிவிடுகிறார்.

கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று போனில் சொன்னது முகத்தை நினைத்துத்தான். வருகிறேன். முகூர்த்தம் எத்தனை மணிக்கென்று எழுது, குளிசை நேரம் பார்க்க வேண்டும். எனக்கு மண்டபத்தில் மலசலகூடத்துக்குக் கிட்ட ஒரு கதிரை போட்டு வை. படம் எடுக்க வெயிலுக்குள் இழுக்காதே.

அன்புடன்,
சரோ