பொருள்: காலம் (கட்டடத் தூண்) குழிகளைத் தவறாகத் தோண்டியதும் சர்வே கல்லைப் பிடுங்கியதும் குறித்த புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கோவில்பட்டியில் உள்ள என் நான்கு சென்ட் மனையைச் சுத்தம் செய்து, மட்டப்படுத்தி, பன்னிரண்டு காலம் குழிகள் தோண்டித் தருவதற்காக உங்கள் நிறுவனத்திடம் முழுத் தொகையையும் முன்னதாகவே கட்டியவன் நான். தொலைபேசியில் ஆறு முறையும் நேரில் ஒரு முறையும் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டதால், இனி எழுத்தில் இருப்பதே நல்லது என்று இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உங்கள் இரண்டாவது பேக்கேஜில் என்னென்ன அடக்கம் என்பதை உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. குழி ஐந்துக்கு ஐந்து, ஆழம் ஆறடி. எங்கள் ஊர்க் கரிசல் மழைக்கு உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் என்பதால், சுக்கான் என்ற கெட்டியான சுண்ணாம்புப் படிவம் தட்டும் ஆறாவது அடியில்தான் காலம் உட்கார வேண்டும் என்று என் பொறியாளர் எழுதியே கொடுத்திருந்தார். உங்கள் ஜேசிபி ஓட்டுநரோ வடக்கு வரிசையில் நான்கு குழிகளை எட்டடிக்கு இறக்கிவிட்டு, அது வெளியே தெரியாமலிருக்க அள்ளிய கரிசலையே இரண்டடிக்குத் திரும்பத் தள்ளி, பக்கெட்டால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். பொறியாளர் ஒரு கையால் ஊன்றியதும் கடப்பாரை முழங்கால் அளவுக்கு இறங்கிற்று. கூடுதலாகத் தோண்டிய ஆழத்தை மண்ணால் மூடக் கூடாது, காங்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும் என்பது மண்வேலை செய்பவர்களுக்குத் தெரியாத செய்தியா? நான்கு குழிகளுக்கும் சேர்த்து 200 கன அடி காங்கிரீட். அதற்கு யார் பணம் தருவது?

இதைக் கேட்டபோது உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பெண்மணி சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "ஆழமாத் தோண்டினா நல்லதுதானே சார், அதுக்கு நாங்க எக்ஸ்ட்ரா காசு கூட வாங்கலையே." பிறகு, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்துவிட்டார். முப்பத்தோரு ஆண்டுகள் ஆசிரியராக இருந்த என்னிடம் எந்த மாணவனும் அப்படிப் பேசியதில்லை.

ஆவணி 6, வாஸ்து நாளில் பூமி பூஜை போட்டுவிட்டுக் காத்திருந்த எனக்கு, இயந்திரம் வந்து சேர்ந்ததே பதினோரு நாள் கழித்துத்தான் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலிருந்து ஐந்தடியாவது தள்ளிக் கொட்டாமல் வாயோரத்திலேயே குவித்ததால், முதல் மழைக்கே இரண்டு குழிகள் சரிந்து மூடிக்கொண்டன. நல்ல வேளையாக உள்ளே ஆள் இல்லை.

அதைவிட வயிற்றெரிச்சல், வடகிழக்கு மூலையில் இருந்த சர்வே கல்லை வேலிக்கருவை வேரோடு சேர்த்துப் பிடுங்கி டிப்பரில் ஏற்றிவிட்டது. அந்தக் கல் இப்போது எந்தப் பள்ளத்தில் கிடக்கிறதோ தெரியவில்லை. அடுத்த மனைக்காரர் இதுவரை என்னிடம் சிரித்துப் பேசியவர். இப்போது நூல் கட்டும்போதெல்லாம் வந்து நிற்கிறார். மறுபடியும் மனுப் போட்டு, சர்வேயருக்காகக் காத்திருக்க வேண்டும். இதற்காக மதுரை அலுவலகத்துக்கு நான் பஸ்ஸில் வந்த அன்று, பதினொரு மணிக்கு வரச்சொன்ன உங்கள் தள மேலாளர் மாலை நாலரை வரை வரவில்லை. அவர் அன்று விடுப்பில் இருக்கிறார் என்பதைக் காவலாளிதான் எனக்குச் சொன்னார். இந்த ஒரு வேலையில் என் ஓய்வூதியச் சேமிப்பே கரைந்து போயிற்று.

ஆகவே, நான்கு குழிகளிலும் தள்ளிய மண்ணை என் பொறியாளர் முன்னிலையில் வெளியே எடுத்து, ஆறடி மட்டம் வரை உங்கள் செலவில் காங்கிரீட் போட்டுத் தருமாறும், சரிந்த குழிகளைச் சீர்செய்து, மறு அளவைக் கட்டணத்தை ஏற்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உங்களோடு சண்டை போடும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், இந்த முறை பஸ் ஏற வேண்டியவர்கள் நீங்கள்தான்.

கடப்பாரை இறங்கிய படங்களையும் ரசீதின் நகலையும் இணைத்துள்ளேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஆள் அனுப்பினால் இருவருக்கும் செலவு குறையும்.

இப்படிக்கு,
மனை உரிமையாளர், கோவில்பட்டி